பாயிண்ட் கேப்: தென்காசி பட்டறையிலிருந்து ஓசூர் ஃபேக்டரிக்கு

தென்காசிப் பக்கம் எண்பதுகளில், தொண்ணூறுகளில் மொபெட் வெச்சிருந்த யாரையாவது பிடிச்சு "பாயிண்ட்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. அரை மணி நேரத்துக்குக் குறையாம பேசுவாங்க. பாயிண்ட் தேஞ்சது, பாயிண்ட் கருகினது, நடுராத்திரி செங்கோட்டை ரோட்டில் பாயிண்ட் ஒட்டிக்கிட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தது என்று ஆளுக்கொரு கதை இருக்கும். அதே வார்த்தையை என் வயசுப் பசங்ககிட்ட சொன்னா, கிரெடிட் கார்டு பாயிண்டா என்று கேட்பாங்க.

இந்தப் பதிவு அந்தப் பழைய பாயிண்ட் பத்தினது. சரித்திரக் கட்டுரைதான், ஆனா ராஜா, போர்வாள் எல்லாம் கிடையாது. ஒரு சின்ன இன்ஜினுக்குள்ள, 0.4 மில்லிமீட்டர் இடைவெளியைச் சரியா வெச்சுக்கற வேலை ஒரு காலத்தில் நம்ம ஊர் மெக்கானிக் கையில் இருந்தது. அது எங்கேயிருந்து வந்தது, எப்படி அவர் கையை விட்டுப் போச்சு என்பதுதான் விஷயம்.

முதல்ல, அந்தப் பாயிண்ட் என்னதான் பண்ணுது? பெட்ரோல் இன்ஜினில் பெட்ரோலும் காத்தும் கலந்து உள்ளே வரும், பிஸ்டன் அதை அமுக்கும், அப்போ ஒரு தீப்பொறி விழணும். பேட்டரி இல்லாத மொபெட்டில் இந்தப் பொறிக்கான கரண்டை இன்ஜினே தயாரிச்சுக்கணும். சுத்துற ஃபிளைவீலில் காந்தம் இருக்கும் (நம்ம ஊரில் அந்த ஃபிளைவீலுக்குப் பேரே "மேக்னட்" தான்). அது உள்ளே இருக்கற காயிலைச் சுத்திச் சுத்தி வரும்போது காயிலில் கரண்ட் ஓடும். பாயிண்ட் என்பது ஒரு சுவிட்ச். ரெண்டு சின்ன உலோகக் குமிழ், ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும். அச்சில் இருக்கற கேம் அதை ஒரு சுத்துக்கு ஒரு தடவை தட்டித் திறக்கும். திறந்த அந்த நொடியில் ஓடிட்டிருந்த கரண்ட் டக்குன்னு அறுபடும். அறுபட்ட அதிர்ச்சியில், அதே காயிலில் ஆயிரக்கணக்கான சுத்து சுத்தியிருக்கற மெல்லிசுக் கம்பியில் பல ஆயிரம் வோல்ட் கிளம்பும். அது பிளக் முனையில் குதிக்கறதுதான் பொறி.

கவனிச்சீங்களா? கரண்டைக் கொடுக்கும்போது பொறி வரல, கரண்டை வெட்டும்போதுதான் வருது. ஆக, எப்போ வெட்டறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கு.

இன்ஜின் நிமிஷத்துக்கு 5000 சுத்து சுத்துதுன்னு வெச்சுக்கோங்க. டூ ஸ்ட்ரோக்கில் சுத்துக்கு ஒரு பொறி. அப்போ நொடிக்கு 83 தடவை அந்தக் குமிழ்கள் தட்டிக்கணும். ஒரு மணி நேரம் ஓட்டினா மூணு லட்சம் தடவை. அதுவும் பிஸ்டன் உச்சிக்குப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே, சுமார் 20 டிகிரி முன்னால், பொறி விழணும். ஏன்னா கலவை எரிஞ்சு முடிக்க நேரம் வேணும். அந்த வேகத்தில் ஒரு டிகிரி என்பது 33 மைக்ரோ செகண்டு. இந்தத் துல்லியத்தை ஒரு ஸ்பிரிங் பட்டையும் ஒரு ஃபைபர் கட்டையும் வெச்சு சாதிச்சிருக்காங்க என்று நினைச்சா எனக்கு இப்பவும் பிரமிப்புதான்.

இதை யார் கண்டுபிடிச்சது? ஒரே ஆளைக் காட்ட முடியாது. 1885 வாக்கில் டைம்லர் தன் இன்ஜினில் பழுக்கக் காய்ச்சின ஒரு குழாயை வெச்சுத்தான் கலவையைக் கொளுத்தினார். வெளியே ஒரு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அது குழாயைச் சூடாக்கிட்டே இருக்கும். காத்தடிச்சா விளக்கு அணையும், வண்டி நிக்கும். கார்ல் பென்ஸ் பேட்டரியும் காயிலும் வெச்சுப் பார்த்தார், பேட்டரி கொஞ்ச தூரத்திலேயே தீர்ந்துடும். இன்ஜின் சம்பந்தப்பட்ட பிரச்சினைகளிலேயே பெரிய பிரச்சினை இக்னிஷன்தான் என்று அவரே நொந்துக்கிட்டார்.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் 1886-ல் ஒரு சின்னப் பட்டறை ஆரம்பிச்சார் ராபர்ட் பாஷ். அடுத்த வருஷமே ஒரே இடத்தில் நிக்கற இன்ஜினுக்கு காந்தத்தை வெச்சுப் பொறி உண்டாக்கற மேக்னெட்டோ செஞ்சு கொடுத்தார். 1897-ல் டி டியோன் பூட்டான் மூணு சக்கர வண்டிக்கு அதை மாத்திப் பொருத்தினாங்க. வேகமா சுத்தற வண்டி இன்ஜினில் மேக்னெட்டோ வேலை செய்யும்னு அப்போதான் தெரிஞ்சது. அப்புறம் பாஷ்கிட்ட வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட் என்கிற இன்ஜினியர், ஹை வோல்டேஜ் மேக்னெட்டோவையும் அதுக்கு ஏத்த ஸ்பார்க் பிளக்கையும் செஞ்சார். 1902-ல் அது விற்பனைக்கு வந்தது. அவ்வளவுதான், அடுத்த பத்து வருஷத்தில் உலகத்தில் ஓடற ஏகப்பட்ட வண்டிகளில் பாஷ் மேக்னெட்டோ என்கிற நிலைமை.

1914-ல் போர் வந்தது. பிரிட்டிஷ்காரங்களுக்கு அப்போதான் உறைச்சது, தங்களோட லாரி, மோட்டார் சைக்கிள், விமானம் எல்லாத்துக்கும் பொறி கொடுக்கற சாமான் எதிரி நாட்டிலிருந்து வருதுன்னு! அவசர அவசரமா உள்ளூரில் செய்ய ஆரம்பிச்சாங்க. பர்மிங்காமில் விளக்குகள் செஞ்சிட்டிருந்த லூகாஸ் கம்பெனி, மேக்னெட்டோ செய்யற தாம்சன் பென்னெட் கம்பெனியை அந்த வருஷமே வாங்கிப் போட்டது. போர் முடிஞ்ச கையோட, வுல்வர்ஹாம்ப்டனில் சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின் செய்யற வில்லியர்ஸ் கம்பெனி, மேக்னெட்டோவைத் தனியா வைக்காம ஃபிளைவீலுக்குள்ளேயே அடைச்சு ஒரு டிசைன் கொண்டுவந்தது. தனி செயின், தனி கியர் எதுவும் வேண்டாம். நம்ம மொபெட்டில் சைடு கவரைக் கழட்டினா தெரிஞ்ச அந்த "மேக்னட்" இந்த வம்சத்தில் வந்ததுதான்.

லூகாஸ் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. அது நம்ம ஊர்ப்பக்கம் வரப்போகுது.

குற்றாலம் மலையிலேயே தெற்கே போய்க்கிட்டிருந்தா, அதே மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் திருக்குறுங்குடி வரும். நம்பி கோவில் ஊர். 1877-ல் அங்கே பிறந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1911-ல் கம்பெனி ஆரம்பிச்சு, மதுரைப் பக்கம் பஸ் விட்டவர். அந்தக் குடும்பத்து கம்பெனிகள் பின்னாடி வெளிநாட்டுக்காரங்களோட கூட்டு சேர்ந்து மோட்டார் சாமான் செய்ய ஆரம்பிச்சதில் ஒண்ணுதான் 1961-ல் வந்த லூகாஸ் டிவிஎஸ், சென்னை பாடியில். 1914-ல் ஜெர்மன்காரன் மேக்னெட்டோ கிடைக்காம தவிச்ச அதே லூகாஸ்! பிளக் பக்கம் பார்த்தா, பாஷ் கூட்டில் பெங்களூரில் 1951-ல் ஆரம்பிச்ச மைக்கோ. தென்காசியில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாலும் மைக்கோ பிளக் இருக்கும். அந்தப் பேர் 2008-ல் பாஷ் என்றே மாறிடுச்சு. போரில் எதிரெதிரா நின்ன ரெண்டு வம்சமும் நம்ம ஊர்க் கடையில் ஒரே அலமாரியில் உக்காந்திருந்தது ஒரு வேடிக்கை.

மொபெட்டில் முதல்ல பேர் வாங்கினது புனேயிலிருந்து 1972-ல் வந்த லூனா. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. ரெண்டு பேர் உக்காரலாம் என்பதுதான் அதோட முக்கியமான அம்சம். ஆனா தென்காசி வட்டாரத்தில் ரெண்டு பேரோட எவன் நிறுத்தினான்? புளியங்குடி எலுமிச்சை மூட்டை, பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி, சுரண்டைப் பக்கமிருந்து மல்லிப்பூ, பால் கேன், புல்லுக்கட்டு என்று ஏத்தாத சாமான் கிடையாது. விடியக்காலையில் மார்க்கெட் போய்ச் சேரணும். வழியில் பொறி நின்னா அன்னிக்கு ஏவாரம் போச்சு. வசதியானவங்களுக்கு வண்டி ரிப்பேர் ஒரு தொந்தரவு. இவங்களுக்கு அது ஒரு நாள் கூலி. பாயிண்டைச் சரியா வைக்கத் தெரிஞ்ச மெக்கானிக்குக்கு இருந்த மரியாதை இதனால வந்ததுதான்.

நான் பார்த்த ஒரு பட்டறையைச் சொல்றேன். 2000-களின் நடுவில், நான் ஸ்கூல் படிக்கும்போது, எங்க தாத்தாகிட்ட ஒரு அரதப்பழசு மொபெட் இருந்தது. அப்பவே பாயிண்ட் வெச்ச வண்டிகள் அபூர்வம். தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ஒருத்தர்தான் அதைத் தொடுவார். வண்டி வந்ததும் பெரிசா ஒண்ணும் கேட்க மாட்டார். பிளக்கைக் கழட்டி முகத்துக்கு நேரா பிடிச்சுப் பார்ப்பார்.

"அண்ணாச்சி, பிளக்கு நனைஞ்சு கெடக்கு. பெட்ரோலு வருது, கரண்டுதான் வரல."

இந்த ஒரு வரியில் பாதி வேலை முடிஞ்சுது. நாங்க ஆபீஸில் நாலு பேர் உக்காந்து, எந்த மாட்யூலில் கோளாறு என்று பிரிக்கறதைத்தான் அவர் பிளக் முனையைப் பார்த்துப் பண்ணினார். முனை டீக்கலரில் இருந்தா இன்ஜின் ஆரோக்கியம். கறுப்பா எண்ணெய்ப் பிசுக்கோட இருந்தா ஆயில் ஜாஸ்தி, இல்ல பொறி பலவீனம். வெள்ளையா இருந்தா சூடு ஜாஸ்தி.

அடுத்து பிளக்கை வயரில் மாட்டி, அதோட உடம்பு சிலிண்டர் ஹெட்டில் படற மாதிரி வெச்சு, பெடலை மிதிக்கச் சொல்வார். ("எய்யா, நீ வயரைத் தொட்டுறாத." தொட்டவங்களுக்குத் தெரியும், அது எப்படி உதறும்னு.) சட் சட்டுன்னு நீலமா பொறி விழுந்தா நல்லது. மஞ்சளா, சிவப்பா, சோம்பேறியா விழுந்தா கோளாறு உள்ளே. சைடு கவரைக் கழட்டுவார். மேக்னட்டில் ஒரு ஜன்னல் இருக்கும், அது வழியா பாயிண்ட் தெரியும். கையால மேக்னட்டை மெதுவா சுத்தி, பாயிண்ட் முழுசா திறக்கற இடத்தில் நிறுத்துவார். ஃபில்லர் கேஜ் தகட்டை உள்ளே விடுவார். சின்ன இன்ஜின்களுக்குப் பொதுவா 0.35-லிருந்து 0.45 மி.மீ. தகடு லேசான பிடிப்போட வழுக்கிக்கிட்டு வரணும். இறுக்கினாலும் தப்பு, லொடலொடன்னு வந்தாலும் தப்பு. ஸ்குரூவைத் தளர்த்தி, ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு நெம்பு. மறுபடி சுத்து, மறுபடி தகடு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. கேப்பை மாத்தினா டைமிங்கும் மாறும். கேப் அதிகமானா பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், பொறி முன்னாடியே விழும். இன்ஜின் தட்டும், சூடாகும், பெடல் எதிர்த்து உதைக்கும், ரொம்பப் போனா பிஸ்டனே ஓட்டையாகும். கேப் குறைஞ்சா பொறி லேட்டு. வண்டி மேடு ஏறாது, சைலன்சர் கொதிக்கும். நாளாக ஆக, கேமில் உரசற ஃபைபர் கட்டை தேயும், அதனால கேப் தானாவே குறைஞ்சுக்கிட்டே வரும். "வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு வியாதி இந்தக் கட்டைத் தேய்மானம்தான்.

திறக்கற நொடியைப் பிடிக்க அவர்கிட்ட இருந்த கருவி, சிகரெட் பெட்டிக்குள்ள இருக்கற மெல்லிசுப் பேப்பர். அதைப் பாயிண்டுக்கு நடுவில் கொடுத்து, ஒரு கையால் லேசா இழுத்துக்கிட்டே மறு கையால் மேக்னட்டைச் சுத்துவார். பேப்பர் எப்போ விடுபடுதோ அப்போ பாயிண்ட் திறக்குது. மேக்னட்டில் இருக்கற கோடும் இன்ஜின் உடம்பில் இருக்கற கோடும் அப்போ நேரா வரணும். கோடு அழிஞ்சு போன வண்டிக்கு, பிளக் ஓட்டை வழியா சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு ஒன்றரை, ரெண்டு மி.மீ. கீழே இருக்கும்போது பேப்பர் விடுபடுதா என்று பார்க்கறது.

படிச்ச புத்தி உடனே கேட்கும், ஒரு பேட்டரியும் பல்பும் வெச்சா சுலபமா தெரியாதான்னு. நானும் காலேஜில் எலெக்ட்ரிக்கல் பேப்பர் எழுதினவன், அப்படித்தான் தோணும். பேட்டரி காயில் வெச்ச பெரிய வண்டிகளுக்கு அது சரி. இந்த மேக்னட் வண்டியில் பாயிண்டுக்குப் பக்கத்துலயே காயிலும் பாடிக்கு இணைஞ்சிருக்கும், அதோட ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமை ஒட்டித்தான். பாயிண்ட் திறந்தாலும் பல்பு அணையாது, காயில் வழியா எரிஞ்சுக்கிட்டே இருக்கும், கொஞ்சம் மங்கும் அவ்வளவுதான். வயரைப் பிரிச்சாத்தான் டெஸ்ட் சரியா வரும். சிகரெட் பேப்பருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பாயிண்ட் முகம் கருகியிருந்தா உப்புத்தாள் போட்டு ஒரு தேய். ஆனா ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமா இருந்தா அவர் பாயிண்டைத் திட்ட மாட்டார், கன்டென்சரைத்தான் மாத்துவார். பாயிண்ட் திறக்கும்போது அங்கேயே பொறி பறந்து கரண்ட் வீணாகாம தாங்கிக்கறது கன்டென்சர் வேலை. அது செத்தா பாயிண்ட் ஒவ்வொரு தடவையும் வெல்டிங் அடிக்கற மாதிரிதான். பாயிண்டை மட்டும் மாத்தி அனுப்பினா ஒரு வாரத்தில் திரும்பி வரும். காசு பார்க்கணும்னா அப்படியும் செய்யலாம். செஞ்சவங்களும் உண்டு.

இப்போ குற்றாலத்துக்கு வருவோம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை கேரளா பக்கம் கொட்டும்போது, ஆரியங்காவு கணவாய் வழியா காத்தும் சாரலும் இந்தப் பக்கம் தப்பி வரும். மத்த ஊரெல்லாம் வெயிலில் வாடும்போது தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் மட்டும் ஆகஸ்ட் வரைக்கும் ஈரத்தில் ஊறும். டூரிஸ்டுக்கு அது சொர்க்கம். பல ஆயிரம் வோல்ட்டுக்கு அது வேற மாதிரி சொர்க்கம், தப்பிச்சு ஓட ஆயிரம் வழி! பெருமழையைவிட சாரல் மோசம். பூ மாதிரி விழுந்து எல்லா இடுக்கிலும் போய் உக்காரும். பிளக் கேப்பில் ஈரம் படிஞ்சா கரண்ட் பிளக் முனைக்குப் போகாம, வெளிப்பக்கமாவே வழிஞ்சு இன்ஜின் உடம்புக்கு இறங்கிடும். பழைய வயரில் வெடிப்பு இருந்தா ராத்திரியில் நீலமா ஊர்றதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஐந்தருவி போய்ட்டு வந்து ஸ்டாண்டில் வண்டியை எடுக்கறவங்க முதல்ல பண்றது, உலர்ந்த துணி தேடறதுதான். (துண்டெல்லாம் அருவியில் நனைஞ்சிருக்கும் என்பது தனிச் சோகம்.) இதுக்கு ஊர் கண்டுபிடிச்ச வைத்தியம், பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி பிளக் கேப் மேல இறுக்கமா சொருகி விடறது. இதோட, மேக்னட் கவரில் ஈரம் இறங்கி பாயிண்ட் முகத்தில் பூத்தா அதையும் துடைக்கணும். சீசன் மூணு மாசமும் பட்டறையில் கூட்டம்தான்.

இந்த வேலைக்கு முடிவு கட்டின சாமான் வேற வழியில் வந்தது. 1957-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் எஸ்சிஆர் என்கிற தைரிஸ்டரைக் கொண்டுவந்தாங்க. அசையற பாகமே இல்லாத சுவிட்ச். 1969-ல் கவாஸாகி எச்1 மோட்டார் சைக்கிள் இதை வெச்ச சிடிஐ இக்னிஷனோட வந்தது. மேக்னட்டிலிருந்து வர்ற கரண்ட் ஒரு கன்டென்சரில் சில நூறு வோல்ட்டுக்கு நிரம்பி நிக்கும். ஃபிளைவீலில் இருக்கற ஒரு மேடு, பல்சர் காயிலைக் கடக்கும்போது ஒரு சிக்னல் கொடுக்கும், எஸ்சிஆர் திறக்கும், அத்தனையும் மொத்தமா காயிலுக்குள் பாயும். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை, கேப் இல்லை.

இந்தியாவில் 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி100, யமஹா ஆர்எக்ஸ்100 ரெண்டுமே பாயிண்ட் இல்லாத வண்டிகள். அதுக்கு முந்தின வருஷம், 1984-ல், டிவிஎஸ் குழுமமும் ஜப்பானின் கொகுசான் டென்கியும் சேர்ந்து இந்தியா நிப்பான் எலெக்ட்ரிகல்ஸ் கம்பெனியைத் தொடங்கினாங்க. ஃபேக்டரி ஓசூரில். டூ வீலருக்கான ஃபிளைவீல் மேக்னெட்டோ, சிடிஐ பெட்டி இதெல்லாம்தான் அவங்க தொழில். என்னைக் கேட்டா, தென்காசி பட்டறையின் தலையெழுத்து அந்த வருஷம்தான் மாறினது. மேட்டையும் பல்சரையும் ஓசூரில் ஒரு தடவை வெச்சாச்சுன்னா வண்டி ஆயுசுக்கும் அப்படியே இருக்கும். ஸ்குரூடிரைவரால் நெம்ப ஒண்ணுமே கிடையாது. பெட்டிக்குள்ள பிசினை ஊத்தி மூடியிருப்பாங்க, திறந்தும் பார்க்க முடியாது. கோளாறா? வேற பெட்டியை மாட்டிப் பாரு. ஓடினா பழையது போச்சு. அவ்வளவுதான் வைத்தியம்.

பாயிண்ட் போனதுக்கு நான் கண்ணீர் விட மாட்டேன். அதை ரசிக்கறவங்க பெரும்பாலும் ஞாயித்துக்கிழமை மட்டும் பழைய வண்டி ஓட்டறவங்க. விடியக்காலை நாலு மணிக்கு எலுமிச்சை ஏத்தினவருக்கு சிடிஐ ஒரு விடுதலை. ஆனா அந்தத் தகரக் கொட்டகைக்கு இன்னொரு கணக்கு இருந்தது. பாயிண்ட் வேலைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செலவு கொஞ்சம், கைக்கூலிதான் வருமானம். பெட்டி மாத்தற வேலையில் காசு பெட்டிக்குப் போகும், மாட்டிக் கொடுத்தவருக்கு டீக்காசு. நான் சொன்ன மெக்கானிக் கொஞ்ச வருஷத்தில் பஞ்சர், வாட்டர் சர்வீஸ் என்று மாறிட்டார். அந்த ஃபில்லர் கேஜ் மட்டும் ஆணியில் தொங்கிட்டிருந்தது.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 2015-ல் எக்ஸ்எல்100 நாலு ஸ்ட்ரோக் இன்ஜினோட வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்ததும் மொபெட்டுக்குக்கூட ஃபியூயல் இஞ்செக்ஷன். இப்போ எந்த வேகத்தில் எத்தனை டிகிரி முன்னாடி பொறி விழணும் என்பது ஈசியூவுக்குள்ள ஒரு அட்டவணை. முதல்ல ஸ்குரூடிரைவரில் இருந்தது, அப்புறம் ஃபேக்டரி காந்தத்துக்குப் போச்சு, இப்போ எங்களை மாதிரி யாரோ ஒருத்தர் டைப் பண்ணின நம்பர்களில் இருக்கு. கோளாறு பார்க்க ஸ்கேனர் வேணும்.

தென்காசி தனி மாவட்டமாகி (2019 நவம்பர்) வருஷங்கள் ஆச்சு. பாயிண்ட் வெச்ச மொபெட் ரோட்டில் பார்க்கறதே அபூர்வம். ஆனா அத்தனை வோல்ட்டையும் பிளக்குக்குக் கொண்டுபோற வயரும் கேப்பும் இன்னும் வெளியிலதான் இருக்கு, ஜூன் வந்தா ஆரியங்காவு சாரலும் வந்துடுது. போன சீசனில் பழைய குற்றாலம் வண்டி ஸ்டாண்டில் பார்த்தேன், எலெக்ட்ரானிக் வண்டி ஒண்ணில் பிளக் கேப் மேல சைக்கிள் டியூப் துண்டு சொருகியிருந்தது.